கோடைத் தொடக்கமும் கொல்லைப்புற வேலையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பங்குனி பாதி கடந்துவிட்டது. சம்பா நெல் களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஏரியில் நீர் வற்றிக் கரையோரம் வெடித்துக் கிடக்கிறது. இந்த நாட்களில் நான் எந்த ஊருக்குச் சென்றாலும், மரத்தடியில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், "இனிமேல் ஆடி வரையில் என்ன ஐயா வேலை? கோடை வந்துவிட்டதே!" என்று சொல்லக் கேட்கிறேன். அதே ஊரில் வீடுகளின் பின்புறமாகச் சற்று நடந்து பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. ஒரு தாய் தொழுவத்துச் சாணத்தைக் கூடையில் வாரிச் சுமக்கிறாள். மற்றொருத்தி புளியை உடைத்துக் கொட்டை எடுக்கிறாள். வேறொருத்தி மாட்டுக்குக் காட்டத் தண்ணீர் தேடி இரண்டு குடங்களுடன் நடக்கிறாள். வேலை இல்லை என்று சொல்பவர்கள் வீட்டின் முன்புறத்தில் இருக்கிறார்கள். வேலை பின்புறத்தில் இருக்கிறது.

இன்று நான் உங்களிடம் பேச விரும்புவது அந்தப் பின்புறத்தைப் பற்றித்தான். வயலில் பூச்சி விழுந்தால் அதற்குக் கணக்கு உண்டு. அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். கொல்லையில் ஏற்படும் நஷ்டத்துக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதபடியால் அதைத் தடுப்பாரும் இல்லை. பங்குனிப் பிற்பகுதி தொடங்கி முதற் கோடை மழை வரையிலான சில வாரங்களில் கொல்லையிலும் தொழுவத்திலும் களத்திலும் நாம் செய்வதும் செய்யத் தவறுவதுமே அடுத்த ஓர் ஆண்டின் விளைச்சலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை எடுத்துக்காட்டவே வந்திருக்கிறேன்.

கோடையின் இயல்பு

முதலில் பருவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சூரியன் ஏப்ரல் 10-ஆம் தேதி வாக்கில் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்து, 24-ஆம் தேதி வாக்கில் சென்னைக்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த இரு வாரங்களுக்குள் நமது மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களில், ஏதேனும் ஒரு நாள் நண்பகலில் நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. அதற்குப் பிறகு மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் பிறக்கிறது. வேலூர், திருத்தணி, கரூர், ஈரோடு போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது புதிதல்ல.

ஆனால் கோடை என்பது வெயில் மட்டுமன்று. நமது மாநிலத்தின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்றும் தருகின்றன. மார்ச் முதல் மே வரையிலான கோடை மாதங்களில் சுமார் 125 மில்லிமீட்டர் பெய்கிறது. இது ஐந்து அங்குலம். பெரும்பாலும் மாலை வேளையில் இடியும் காற்றுமாக வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இது. ஆயத்தமாக இருந்தவனுக்கு அது வரவு. ஆயத்தமில்லாதவனுக்குத் தெருவில் ஓடும் சேற்று நீர், அவ்வளவுதான்.

ஆகவே இப்பருவத்தில் நாம் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, மழைக்கு முன்னுள்ள காய்ச்சலில் நெருப்பினின்றும் தாகத்தினின்றும் நமது உடைமையைக் காத்தல். மற்றொன்று, வரப்போகும் மழையை வரவேற்க நிலத்தையும் கொல்லையையும் சித்தம் செய்தல்.

என் வீட்டில் நடந்தது

நெருப்பைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தின் வட பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். எங்களுக்கு ஓர் உழவு ஜோடியும் ஒரு கறவையும் ஒரு கிடேரிக் கன்றும் இருந்தன. சமையற்கட்டின் பின்னால் குப்பைமேடு. குப்பைமேட்டுக்கு அடுத்தாற்போல் வைக்கோற் போர். போருக்கு அப்பால் கூரை வேய்ந்த தொழுவம். களத்திலிருந்து வைக்கோலைக் கொண்டுவர அதுவே கிட்டத்தில் உள்ள இடம் என்பதால் ஆண்டுதோறும் அங்கேதான் போர் போடுவது வழக்கம்.

அந்த ஆண்டு போர் போடும்போதே என் தாயார், "மத்தியானக் காற்று அடுப்படியிலிருந்து நேரே போரின் பக்கமாக அடிக்கிறது. இந்த வருஷமாவது வேலியோரம் தள்ளிப் போடுங்கள்" என்று சொன்னார்கள். ஒரு முறையல்ல, மூன்று முறை சொன்னதை நான் அறிவேன். "இரண்டு நாள் வேலை கூடும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் கிடைத்தது.

சித்திரையில் ஒரு நாள். காலையில் அடுப்புச் சாம்பலை வாரி, தண்ணீர் தெளித்து, வழக்கம்போல் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு என் தாயார் களையெடுக்கக் கூலிக்குச் சென்றுவிட்டார்கள். சாம்பலின் அடியில் கனல் இருந்திருக்கிறது. உச்சி வெயிலில் எழுந்த சூறைக்காற்று அதைக் கிளறிவிட்டது. ஊரார் குடத்துடன் ஓடி வருவதற்குள் போர் முழுவதும் பற்றிக்கொண்டது; போரிலிருந்து தொழுவத்துக் கூரைக்குத் தாவியது. காளைகளையும் கறவையையும் அவிழ்த்துவிட்டார்கள். கன்றின் கயிற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தபடியால் அதை அவிழ்க்க முடியவில்லை.

நஷ்டம் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த அறுவடை வரையில் மாட்டுக்குப் போட வைக்கோல் இல்லை. கோடையில் விலைக்கு வாங்கவும் சக்தி இல்லை. ஒரு மாதத்துக்குள் உழவு மாடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டோம். ஆடியில் மழை பெய்தபோது ஊரெல்லாம் ஏர் பூட்டியது. எங்கள் நிலம் இரவல் ஏருக்காகக் காத்திருந்து பருவம் தவறியது. அந்த ஆண்டு வாங்கிய கடன் தீர ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஊரில், "அந்தம்மா சாம்பலை அஜாக்கிரதையாகக் கொட்டிவிட்டாள்" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. வீட்டில் எவரும் அதை மறுத்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு நாள் பேச்சு வாக்கில் என் தாயார் சொன்னார்கள்: "சாம்பலைக் கொட்டியவள் நான்தான் தம்பி. ஆனால் போரை அங்கே போட்டவள் நானல்லவே."

இந்த வாக்கியத்தை நான் மறப்பதில்லை. கொல்லையில் நாள்தோறும் வேலை செய்பவர்களுக்குக் காற்றின் திசை தெரியும். கனலின் இயல்பு தெரியும். எந்த மாடு எப்பொழுது தண்ணீர் குடிக்கும் என்பது தெரியும். ஆனால் கொல்லையில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கு வேலை செய்யாதவர்கள். நஷ்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நெருப்பினின்றும் காத்தல்

இப்பொழுது பல வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், பருத்திக்கொட்டை, தவிடு முதலியவற்றைக் காய்ச்சவும் கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகையால் சில வழக்கங்களை இந்த வாரமே கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, சாம்பலைக் குப்பையில் கொட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். அடுப்பருகே இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குழி வெட்டி அதில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறி, மேலே மண் போடுங்கள். அல்லது பழைய தகர வாளியில் மூடி வைத்து இரண்டு நாள் ஆறவிடுங்கள். இதில் நெருப்புப் பயம் நீங்குவதோடு மற்றொரு லாபமும் உண்டு. சாம்பலில் காரத்தன்மை இருக்கிறது. அது சாணத்தோடு கலந்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டுவதால் போருக்கும் ஆபத்து, எருவுக்கும் கேடு. ஆறிய சாம்பலைத் தனியே சேர்த்து வைத்து வாழைக்கும் தென்னைக்கும் இட்டால் அதிலுள்ள சாம்பல் சத்து வீணாகாமல் பயன்படும்.

இரண்டாவது, போர் இருக்கும் இடம். அடுப்பினின்றும் வீட்டினின்றும் கொல்லை இடம் தரும் அளவுக்குத் தள்ளியிருக்கட்டும். மின்கம்பிக்கு அடியில் ஒருபோதும் போர் போடாதீர்கள். வைக்கோல் உயரமாக ஏற்றிய வண்டி தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பற்றியதாக ஆண்டுதோறும் செய்தி படிக்கிறோம். உங்கள் தெருவில் கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது வார்டு உறுப்பினரின் கடமை.

மூன்றாவது, மாட்டைக் கட்டும் முடிச்சு. ஒரு முனையை இழுத்தவுடன் அவிழ்ந்துவிடும்படி முடிச்சுப் போடுங்கள். வீட்டிலுள்ள பத்து வயதுக் குழந்தைக்கும் அதை அவிழ்க்கக் கற்றுக்கொடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நான்காவது, தொழுவத்தருகே ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு குவியல் மணல், ஒரு துறட்டி. தீயணைப்பு நிலையத்தின் எண் 101 என்பதை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அவர்கள் வரும் வரையில் மணலும் தண்ணீரும்தான் துணை.

எருக்குழி

அடுத்து, கொல்லையின் மிகப்பெரிய நஷ்டத்துக்கு வருகிறேன். நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் மூன்றரை டன்னுக்கு மேல் ஆகிறது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடவேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்கிறார்கள். இரண்டு மாடுகள் உள்ள வீட்டில், சாணத்துடன் சருகும் கூளமும் கழிவுத் தீவனமும் முறையாகச் சேர்ந்தால், ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குரிய எரு கிடைக்கும். ஆனால் நடப்பது என்ன? சாணம் மேடாகக் குவிக்கப்பட்டு வெயிலில் காய்கிறது. தழைச்சத்து ஆவியாகிறது. எஞ்சியதை முதல் மழை கரைத்துத் தெருவுக்குக் கொண்டு போகிறது. ஆடியில் வண்டியில் ஏற்றும்போது நம் கையில் இருப்பது பெரும்பாலும் சக்கைதான்.

மாட்டின் சிறுநீரை நாம் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல் சத்தில் பெரும் பகுதியும் சிறுநீரில்தான் இருக்கின்றன. தொழுவத்தில் இரவில் கூளத்தையோ பொடி மண்ணையோ பரப்பி வைத்தால் அது சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அதை வாரிக் குழியில் போடலாம்.

குழி எப்படி இருக்க வேண்டும்? மர நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டுப் பாங்கான இடத்தில், 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். இட வசதி குறைந்தவர்கள் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆழத்தை அதிகப்படுத்த வேண்டாம். ஒரு முனையிலிருந்து பகுதி பகுதியாக நிரப்புங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும், சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி மூடிவிடுங்கள். உள்ளே ஈரம் இருக்க வேண்டும்; ஆனால் ஒழுகக் கூடாது. நான்கைந்து மாதங்களில் எரு பக்குவமாகிவிடும். சித்திரையில் மூடிய குழி ஆவணி, புரட்டாசியில் திறக்கும். சம்பாவுக்கும் மானாவாரிக்கும் அது சரியான காலம். வைகாசிக்குப் பிறகு தொடங்கினால் பருவத்துக்கு எரு ஆயத்தமாகாது. ஆகவேதான் இப்பொழுதே தொடங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். முதற் குழி மக்கும் காலத்தில் நிரப்புவதற்கு இரண்டாவது குழி ஒன்றும் வேண்டும்.

கோடையில் உதிரும் சருகைக் கூட்டித் தெருவோரம் கொளுத்துவது நம்மவர் வழக்கம். அந்தச் சருகு குழியில் விழ வேண்டிய பொருள். ஆல்பர்ட் ஹோவார்டு என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து வகுத்த கம்போஸ்ட் முறை, நமது நாட்டுக் குடியானவர்களிடமிருந்தும் கீழ்த்திசை நாடுகளின் உழவர்களிடமிருந்தும் கற்ற பாடங்களை அடிப்படையாகக் கொண்டது. தஞ்சாவூரிற் பிறந்து, தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியிற் கழித்து 1960-இல் மறைந்த ஜே. சி. குமரப்பா அவர்களும், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவதுதான் நிலைத்த பொருளாதாரம் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

இங்கே எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை குழிகள் வெட்டப்பட்டன என்ற கணக்கு எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அவற்றில் எத்தனை குழிகளில் குப்பை விழுந்தது என்ற கணக்கு இருப்பதில்லை. முள் மண்டிக் கிடக்கும் குழிகளை நானே கண்டிருக்கிறேன். விசாரித்தால், "குழி தொழுவத்திலிருந்து வெகு தூரம், கூடையைச் சுமந்து போக முடியவில்லை" என்று பெண்கள் சொல்கிறார்கள். குழியின் இடத்தைத் தீர்மானிக்கும்போது அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த உழைப்பு வீணாகியிராது.

கால்நடைகளும் குடும்பமும்

கோடையில் ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது லிட்டருக்கும் மேலாகத் தண்ணீர் வேண்டியிருக்கும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை காட்டினால் போதாது. நிழலில் தொட்டி வைத்து வேண்டும்போது குடிக்க விடுங்கள். அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் போடுங்கள். தகரம் வேய்ந்த கொட்டகையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். வெப்பம் குறைவது உடனே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. சோளம் அறுத்த தாளில் ஒரு கோடை மழைக்குப் பின் இளந்தளிர் விடும். பச்சையைக் கண்டு ஏங்கியிருக்கும் மாடு அதில் வாய் வைத்துவிடும். இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளப் பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கடும் நஞ்சு உண்டு. மேய்ந்த சிறிது நேரத்திற்குள் மாடு மூச்சுத் திணறி விழுந்துவிடக் கூடும். அத்தகைய காட்டில் மாட்டை விடாதீர்கள். அப்படி நேர்ந்துவிட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கூப்பிடலாம். மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பான் நோய்க்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மனிதருக்கும் அதே நியாயந்தான். நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் கடின வேலையைத் தவிர்த்து, விடியற்காலையில் தொடங்கி முடித்துவிடுங்கள். நீராகாரம், நீர்மோர், கூழ் ஆகியவை நம் முன்னோர் கண்ட மருந்து. வேலை செய்யும் ஒருவருக்கு வியர்வை நின்று உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெறும் களைப்பன்று. வெயில் தாக்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, 108-க்குச் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டால் கோடையில் வீட்டுக்கு வீடு தொட்டியிலும் பீப்பாயிலும் நீரைப் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு வளர்வது இந்த நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பிறகு நிரப்பித் துணியால் மூடுங்கள். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தெருவில் விடாமல் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் திருப்புங்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை கோடையிலும் கைகொடுக்கும்.

முதல் மழைக்கு ஆயத்தம்

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் எவ்வளவு என்று தெரியுமா? ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகம். கட்டாந்தரையாகக் கிடக்கும் நிலத்தில் அதில் பெரும் பகுதி வழிந்து ஓடிவிடும். போகும்போது மேல்மண்ணையும் அழைத்துக்கொண்டு போகும். நிலம் புழுதியாக இருந்தால் அதைக் குடித்துவிடும். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது.

முதல் மழையில் நிலம் நனைந்து, பதம் கண்டவுடன், சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுங்கள். சரிவின் வழியே உழுதால் ஒவ்வொரு படைச்சாலும் ஒரு வாய்க்காலாகி மண்ணை இழுத்துச் செல்லும். குறுக்கே உழுதால் ஒவ்வொரு படைச்சாலும் ஒரு சிறு அணை. மண்ணுக்குள் உறங்கும் புழுக்களின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவைகளுக்கு இரையாகியும் அழிகின்றன. கோரைக் கிழங்கு காய்ந்து மடிகிறது. வரப்பின் உடைப்புகளை மழைக்கு முன்பே அடைத்திருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக் கூரைக்கும் கணக்கு உண்டு. 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,180 லிட்டர் நீர் விழுகிறது. 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு நமது மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் குழாயும் குழியும் அமைத்தோம். அவற்றில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. இந்த வாரம் ஒரு நாள் அரைப்பொழுது செலவிட்டுக் கூரையைக் கூட்டி, குழாயின் அடைப்பை நீக்கி, குழியிலுள்ள மண்ணை அள்ளிவிட்டு, கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். புதிய செலவு எதுவும் இல்லை.

பஞ்சாயத்தின் பங்கு

இவையெல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவைதாமே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். ஊருணிக்கு நீர் வரும் வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்தால் தனி ஒரு வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? மழைக்கு முன்பு அதைச் சீர் செய்வது பஞ்சாயத்தின் வேலை. வற்றிய ஏரியிலுள்ள வண்டல் மண் வயலுக்கு நல்ல எரு. உரிய அனுமதியை வட்டாட்சியரிடம் பெற்று விவசாயிகள் எடுத்துச் செல்ல வழிகாட்டுவதும் பஞ்சாயத்தின் வேலை. மேய்ச்சல் வழியில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்து நாள்தோறும் நிரப்புவதும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் கலப்பதும் அப்படியே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆண்டுதோறும் மே மாதம் முதல் தேதியில் கிராம சபை கூடுகிறது. அது சித்திரையின் நடுப்பகுதி; கொல்லை வேலை மும்முரமாக இருக்கும் சமயம். அதற்குள் ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டிலுள்ள வீடுகளின் பின்புறத்தை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போர் எங்கே இருக்கிறது, சாம்பல் எங்கே விழுகிறது, குழி எங்கே, கம்பி எங்கே, மாட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது அங்கு வேலை செய்கிற அம்மாவிடமே, "எதை எங்கே மாற்றினால் நல்லது?" என்று கேளுங்கள். வந்த பதிலைக் கிராம சபையில் அவர்களே எழுந்து சொல்லும்படி செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியில் பாதி கொடுத்தோம்; பேச்சைக் கேட்பதிலும் பாதி கொடுக்க வேண்டாமா?

நண்பர்களே! எங்கள் ஊரில் அந்தப் பழைய போர் இருந்த இடத்தில் இன்று ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் எருக்குழி. போர் வேலியோரத்துக்குப் போய்விட்டது. அந்த மாற்றத்துக்கு இரண்டு நாள் வேலைதான் ஆயிற்று. அதைச் செய்ய ஒரு கன்றையும் ஓர் ஏர் மாட்டையும் நாங்கள் இழக்க வேண்டியிருந்தது. உங்களில் எவருக்கும் அத்தகைய பாடம் நேர வேண்டாம் என்பதே என் விருப்பம்.

இன்று மாலை வீட்டுக்குத் திரும்பியதும் முன்வாசல் வழியாக நுழையாமல் கொல்லை வழியாக நுழைந்து பாருங்கள். செய்ய வேண்டிய வேலை உங்கள் கண்ணிலேயே படும். நாளைக் காலையில் தொடங்கினால் முதல் மழைக்கு முன் முடித்துவிடலாம்.